ஓப்பன்விபிஎன் அமைத்துத் தருபவரிடம் முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன்

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் மாங்கூழ் ஆலையின் கணக்கு சர்வரை ஓசூர் அலுவலகத்திலிருந்தும், சீசனில் கொள்முதலுக்குச் செல்லும் ஊழியர்களின் லேப்டாப்பிலிருந்தும் பார்ப்பதற்காக, இப்பகுதியில் பல நிறுவனங்களுக்கு நெட்வொர்க் வேலை செய்துதரும் ஒருவரிடம் ஓப்பன்விபிஎன் (வெளியிலிருந்து இணையம் வழியே நம் நெட்வொர்க்குடன் பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள்) அமைக்கும் பணியை ஒப்படைத்தோம். இணைப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இணையும்போதெல்லாம், சர்வர் சான்றிதழை (சர்வரின் அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் கோப்பை) சரிபார்க்கும் எந்த முறையும் இயக்கப்படவில்லை என்று லாகில் ஓர் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, "அது எல்லாருக்கும் வர்றதுதாங்க, கண்டுக்காதீங்க" என்றார்.

அது கண்டுகொள்ளாமல் விடக்கூடிய எச்சரிக்கையே அல்ல. ஓப்பன்விபிஎன்னில் சர்வரின் சான்றிதழிலும் பயனர்களின் சான்றிதழ்களிலும் பொதுவாக ஒரே சிஏதான் (சான்றிதழ்களை வழங்கும் அமைப்பு) கையொப்பமிடுகிறது. எதிர்முனையில் வரும் சான்றிதழ் சர்வருக்கென்று வழங்கப்பட்டதுதானா என்று கிளையண்ட் (நம் லேப்டாப்பில் உள்ள விபிஎன் மென்பொருள்) பார்க்காவிட்டால், அதே சிஏவிடமிருந்து ஏதேனும் ஒரு சான்றிதழைப் பெற்ற எவரும், லாட்ஜ் வைஃபை போன்ற ஓரிடத்தில் நமக்கும் சர்வருக்கும் நடுவே புகுந்து, தாமே சர்வர் என்று நடித்து, நம் பாஸ்வேர்டைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

இதைவிட மோசமானது பிறகுதான் தெரிந்தது. சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் பெயரைப் பார்த்தால், எங்கள் ஆலைக்குப் பதிலாக அவருடைய கடையின் பெயர் இருந்தது. தருமபுரியில் அவருடைய மற்றொரு வாடிக்கையாளரிடம் விசாரித்தபோது, அங்கேயும் அதே சிஏதான். பூட்டு போட்டுவிட்டுச் சாவியை ஊருக்கெல்லாம் கொடுத்த கதை!

பெரிய நிறுவனங்களின் மென்பொருளிலும் இவ்வகைக் குறைகள் வந்திருக்கின்றன. பாலோ ஆல்டோ என்ற நெட்வொர்க் பாதுகாப்பு நிறுவனத்தின் குளோபல்புரொடெக்ட் விபிஎன் செயலியில் சான்றிதழைப் போதிய அளவு சரிபார்க்காத குறை 2024 நவம்பரில் வெளியானது. ஆனால் அந்நிறுவனம் குறையை அறிவித்துத் திருத்தமும் வெளியிட்டது; இவரோ, கிளையண்ட் கோப்பில் எதிர்முனையில் இருப்பது சர்வர் சான்றிதழ்தானா என்று பார்க்கச் சொல்லும் 'ரிமோட்-செர்ட்-டிஎல்எஸ் சர்வர்' (remote-cert-tls server) என்ற ஒரே ஒரு வரியைச் சேர்ப்பதற்கு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடச் சொன்னார்.

பல வாடிக்கையாளர்களுக்கும் ஒரே சிஏ இருக்கும்வரை அந்த வரி மட்டும் போதாது. ஏனெனில் பிற வாடிக்கையாளர்களின் சர்வர் சான்றிதழ்களும் அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே வேறொருவரை வைத்து எங்களுக்கென்று தனி சிஏ உருவாக்கி, சான்றிதழ்களையும் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டோம்.

பழையவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. நாங்கள் பேசிய தருமபுரி வாடிக்கையாளருக்கும் அவர் இதைத் தெரிவித்திருக்கவில்லை. இம்மாவட்டங்களில் உள்ளூர் ஆளை வைத்து விபிஎன் போட்டவர்கள், தங்கள் கிளையண்ட் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த வரி இருக்கிறதா என்றும், சிஏ யார் பெயரில் இருக்கிறது என்றும், அதன் பிரைவேட் கீ (சான்றிதழ்களில் கையொப்பமிடும் ரகசியச் சாவி) யார் கையில் இருக்கிறது என்றும் உடனே பார்த்துக்கொள்ளுங்கள்.