அம்மாவை ஊட்டிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன்

நாங்கள் வசிக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜனவரியில்தான். அதனால் எங்கள் ஊர்ப் பயணம் பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே அமையும். இந்த முறை திருப்பூரில் பொங்கல் முடிந்த கையோடு, அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் ஊட்டிக்குப் போய்வந்தேன். அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும்தான் நடை. "மலைக்கு என்னையெதுக்கு கண்ணு? நான் கார்லயேதான் உக்காந்திருக்கோணும்" என்று சொல்லிக்கொண்டேதான் கிளம்பினார்.

முதலில் இ-பாஸ். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இது கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. கட்டணம் எதுவும் இல்லை. வண்டி எண், எத்தனை பேர், எந்தெந்த நாள், எங்கே தங்குகிறோம் என்று இணையத்தில் நிரப்பினால் உடனே வந்துவிடும். வண்டி பேசிய இடத்தில் "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் மேடம்" என்றார்கள். நானும் நம்பி விட்டுவிட்டேன். கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் கேட்டபோதுதான் யாருமே எடுக்கவில்லை என்று தெரிந்தது. டிரைவர் தம்பியின் முகம் வாடிப்போயிற்று. அவர்மேல் தப்பில்லை, அவருக்கும் அதே பதிலைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு நானே பதிவு செய்ய உட்கார்ந்தேன். உள்நாட்டுக்காரர்களுக்குக் கைபேசி எண், வெளிநாட்டினருக்கு மின்னஞ்சல் என்று இரண்டு வழி இருக்கிறது. என் நியூசிலாந்து எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அம்மாவின் பட்டன் போன் எண்ணைக் கொடுத்தேன். ஓடிபி வந்ததும் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யார் என்ன சொன்னாலும் இ-பாஸை நீங்களே எடுத்து, அந்த க்யூஆர் குறியீட்டைப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருடைய இந்திய எண்ணாவது கையோடு இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, கடையில் வாங்கும் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் சேர்த்துத்தான். சாவடியிலேயே பையைத் திறந்து பார்க்கிறார்கள். அம்மா பழைய பழக்கத்தில் எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்த பெண் ஊழியர், "இப்படித்தாங்கம்மா வரணும்" என்று சிரித்தபடி மூடியைச் சாத்திக் கொடுத்தார். மேலே போனால் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. நாணயத்தைப் போட்டுப் பாத்திரத்தை அடியில் வைத்தால் தண்ணீர் வரும். இரண்டு நாளும் அந்தத் தூக்கைத்தான் நிரப்பி நிரப்பிக் குடித்தோம்.

தங்கிய இடத்தில் வெந்நீர் காலையில் மட்டும்தான், அதுவும் ஒரு மணி நேரம். அதைத் தவிரப் பெரிய குறையில்லை.

மறுநாள் காலை அரசுத் தாவரவியல் பூங்கா. திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விட்டோம். தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில், ஏறக்குறைய 22 ஹெக்டேரில் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகிற தோட்டம் இது. 1848-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் என்பவர்தான் இதை உருவாக்கினார். அதுவரை சேறும் புதருமாக இருந்த சரிவு. நிலம் தன் போக்கில் எப்படிச் சரிகிறதோ அப்படியே பாதைகளையும் வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். வலிக்கிற காலோடு நடக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். அவசரமில்லாமல் வளைவு வளைவாகப் போனால், ஏறுகிறோம் என்பதே பாதித் தூரம் வரை தெரியாது.

வெயில் படாத மூலைகளில் புல்மேல் உறைபனி இன்னும் கரையாமல் கிடந்தது. அம்மா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "உப்பைக் கொட்டினாப்பல இருக்குது பாரு" என்றார். குனிந்தார் என்பதைத்தான் நான் கவனித்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் தானாகக் குனிந்து நான் பார்த்ததில்லை.

ஜனவரியில் பூ அதிகம் இருக்காது. ஆனால் மே மாதக் கூட்டத்தில் பார்க்க முடியாத ஒன்றை இப்போது பார்க்கலாம்: தோட்டம் வேலை செய்வதை. பாத்திகளில் இருந்த செடிகளை மிலாறு எனப்படும் காய்ந்த குச்சிக் கிளைகளால் மூடி வைத்திருந்தார்கள். புல்வெளியில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மிலாறாக எடுத்து உதறி ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். தலையில் கம்பளித் துண்டு, விரல் நுனிகள் குளிரில் வெடித்திருந்தன. எங்கள் அம்மாவுக்கு அதற்குமேல் நகர மனமில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "இதெதுக்கு அம்மிணி மூடியிருக்கறீங்க?" என்று ஆரம்பித்தார்.

"மூடாம உட்டா ஒரே ராத்திரியில கருகிப் போயிருங்கம்மா. சாயந்தரம் மூடுவோம், வெயில் வந்தாத்தான் எடுப்போம்."

தினமும் மூடி, தினமும் எடுத்து, பனிக்காலம் முடியும் வரை இதே வேலை. இதற்கிடையில் மே மலர்க் கண்காட்சிக்கான நாற்றுகளும் தயாராகின்றன. நுழைவுச்சீட்டு வாங்கிப் படமெடுத்துக்கொண்டு போகிற நாம் பார்க்கிற அழகு முழுவதும் இந்தக் கைகளில்தான் இருக்கிறது. அவர்களிடம் நின்று ரெண்டு வார்த்தை பேசுங்கள். நிறையச் சொல்வார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கறேன்" என்று அம்மா சொன்னதால் நானும் மகனும் மேலே ஏறினோம். வழியில் குளத்துப் பக்கம் கல்லாகிப்போன ஒரு மரத்தண்டு கிடக்கிறது. இரண்டு கோடி ஆண்டுப் பழமை. என் மகன் பட்டை எங்கே, வளையம் எங்கே என்று தேடிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான். தோட்டத்தின் உச்சியில் நீலகிரிப் பழங்குடிகளான தோதவர்களின் மந்து, அதாவது அவர்களுடைய சிற்றூர், இருக்கிறது. பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போன்ற அவர்களுடைய வீட்டை வெளியில் நின்று பார்க்கலாம். அது மக்கள் வாழ்கிற இடம். வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்துப் படமெடுப்பது கூடாது என்று மகனிடம் சொன்னேன், அவனும் கேமராவை உள்ளே வைத்துவிட்டான்.

ஆக்லாந்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மவுண்ட் ஈடன் இருக்கிறது. 196 மீட்டர் உயரமுள்ள, அணைந்துபோன எரிமலை. உச்சிக்குக் கார் போவதை 2018-இல் நிறுத்தினார்கள், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பழைய குடியிருப்புத் தடங்கள் மிதிபடாமல் இருக்க மரப்பலகை நடைபாதை போட்டார்கள். நாங்கள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டு நடக்கிறோம். அப்படியிருக்க, ஊருக்கு வந்ததும் இ-பாஸ் எதற்கு, பாட்டில் ஏன் கூடாது என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீலகிரிக்கு வரம்பே வைத்தார்கள். அந்தக் குறுகலான மலைப்பாதையில் ஒருமுறை வந்து பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்கவே வேண்டாம்.

நாங்கள் இறங்கி வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. ஒரு நொடி வயிற்றைக் கலக்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், அடுத்த அடுக்கில், வளைவுக்கு மேலே, தூக்கைக் கையில் பிடித்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தார். தனியாகவே ஏறியிருக்கிறார். "அந்த அம்மிணி, மேல பெரிய மரமெல்லாம் இருக்குதுன்னு சொல்லுச்சு, அதான் மெதுவா வந்தேன்" என்றார். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் நடந்துவிட்டு, ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். மொத்தம் மூன்று மணி நேரம். பெரியவர்களோடு போகிறவர்கள் அவ்வளவு நேரத்தை இந்த ஒரு இடத்துக்கே ஒதுக்கிவையுங்கள், அன்றைக்கு வேறு இடம் எதுவும் வேண்டாம். கழிப்பறைக்குக் கீழே இருக்கும்போதே போய்வந்துவிடுங்கள். பிடிமானமுள்ள ஷூ அவசியம், காலையில் பாதை ஈரமாக இருக்கும்.

வெளியே வந்து சூடான டீயும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது அம்மா டிரைவர் தம்பியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்: மே மாசம் பூக் கண்காட்சிக்குத் தன் தங்கச்சியோடு வந்தால் பாஸ் யார் எடுத்துத் தருவது என்று. "கவர்மெண்ட் பஸ்ல வந்தா பாஸே வேண்டாங்கம்மா" என்றார் அவர். மேட்டுப்பாளையத்திலிருந்து எத்தனை மணிக்கெல்லாம் பஸ் என்று அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார்.