மும்பை போட்டோ டூர்: 12 பேரோடு சேர்ந்து போவதா, ஒரு கைடைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போவதா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் ஸ்டுடியோ நடத்துகிறவனுக்கு மார்கழி என்றால் பழைய ஆல்பங்களைத் தூசி தட்டுகிற மாதம். தமிழ்க் கல்யாணம் கிடையாது, தெலுங்குக்காரர்களுக்கும் தனுர்மாசம், முகூர்த்தமே இல்லை. மேடை, ரிசப்ஷன், டிரோன் என்று வருஷம் பூராவும் அடுத்தவர் வீட்டு விசேஷத்தை எடுத்து அலுத்துப்போன கைகளுக்கு ஒரு பெரிய ஊரின் தெருவையும் கட்டடங்களையும் எடுத்துப் பார்க்கவேண்டும் என்கிற ஆசை, திருத்தணியிலிருந்து புத்தூர் வரைக்கும் எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்குமே உண்டு. போன மார்கழியில் நான் போய்வந்ததிலிருந்து எப்படிப் போனாய், எவ்வளவு ஆனது, அந்த குரூப் டூரில் சேரலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என் முன்னால் இருந்தவை மூன்று. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் போட்டோ வாக். மும்பைக்கு மூன்று இரவு குரூப் டூர்: 12 பேர், கூட ஒரு போட்டோகிராபர், ஓட்டல், வண்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூன்றாவது, ரயிலையும் லாட்ஜையும் நாமே பார்த்துக்கொண்டு, மும்பையிலேயே இருக்கிற ஒரு கைடை அரை நாள், அரை நாளாக அமர்த்திக்கொள்வது. நான் போனது மூன்றாவது வழியில். இன்னொரு தடவை போனாலும் அப்படித்தான் போவேன், அதனால் இந்த எழுத்து எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

சென்னையை முதலில் முடித்துவிடுகிறேன். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை, திருத்தணிக்குப் போய் மின்சார ரயிலில் உட்கார்ந்தால் போதும். தெருப் படத்துக்கும் குறை கிடையாது: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், சவுக்கார்பேட்டை, மயிலாப்பூர் மாட வீதி, 1913-இல் கட்டிய ரிப்பன் கட்டடம். ஸ்கைலைன், அதாவது வானத்தை ஒட்டித் தெரிகிற கட்டட வரிசைதான் இடிக்கிறது. உயரமான கட்டடங்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர நல்ல இடம் கிடைப்பதில்லை. கடல் கிழக்கே இருப்பதால் கடற்கரைச் சாலைக் கட்டடங்களின் முகத்தில் வெயில் விழுவது காலையில். சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடுகிறது, விளக்கு எரிகிற நேரத்தில் கட்டடங்கள் கறுப்பாக நிற்கின்றன. மெரினா கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறலாம்தான், ஆனால் பொழுது சாய்வதற்கு முன்பே மூடிவிடுவார்கள். கையைப் பழக்கிக்கொள்ள சென்னை போதும், அதற்கு மேல் எனக்கு அது ஒத்துவரவில்லை.

மும்பையில் எல்லாம் தலைகீழ். கடல் மேற்கே. கடற்கரைச் சாலையான மரைன் டிரைவின் ஆர்ட் டெகோ (1930, 40-களின் பாணி) கட்டடங்கள் அரபிக்கடலைப் பார்த்து நிற்பதால் மாலை வெயில் நேராக அவற்றின் முகத்தில் அடிக்கிறது. நாரிமன் பாயின்ட் முனையில் நின்று வடக்கே திரும்பினால் வளைந்து போகிற அந்தக் கரை முழுவதும், எதிரே மலபார் ஹில் வரைக்கும், ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். ஓவல் மைதானத்தில் இன்னும் வேடிக்கை. மைதானத்தின் கிழக்கே உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் மணிக்கூண்டு என்று கூர்வளைவுகள் வைத்த கோதிக் பாணிக் கட்டடங்கள், மேற்கே ஆர்ட் டெகோ வரிசை. இரண்டையும் சேர்த்துத்தான் 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆக்கியது. காலையில் வெயில் ஆர்ட் டெகோ பக்கம் விழும், சாயங்காலம் கோதிக் பக்கம். காலையில் மணிக்கூண்டை எடுக்கப் போனால் எதிர்வெயிலில் அது வெறும் நிழலாகத்தான் வரும். இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் கைடு. கேமராவில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று சொல்ல ஆள் வேண்டும்.

குரூப் டூரைக் குறை மட்டும் சொன்னால் பாவம். எங்கள் தொழிலில் இருக்கிற திருத்தணித் தம்பி ஒருவர் அதில் போய்வந்தார், சாப்பாடு, தங்குமிடம், வண்டி எதிலும் குறை சொல்லவில்லை. விடியற்காலை இருட்டில் விலை உயர்ந்த லென்ஸோடு தெரியாத ஊரில் இறங்குகிறபோது கூடப் பத்துப் பேர் இருப்பது தைரியம்தான். இரவில் எல்லோரும் உட்கார்ந்து படங்களைத் திறந்து பார்த்து அலசுவார்களாம், அது எனக்குக் கிடைக்காத ஒன்று, அதில் கொஞ்சம் பொறாமைகூட. ஹிந்தி சுத்தமாக வராதவர்களுக்கும் குரூப்பில் பிரச்சினையே இல்லை.

ஆனால் ஒரே ஒரு கணக்கில் எல்லாம் அடிபட்டுப் போகிறது: ஒரு கைடுக்கு எத்தனை பேர்?

தெருவை எடுத்துக்கொள்வோம். தாதர் ஸ்டேஷனை ஒட்டிய பூ மார்க்கெட், விடிவதற்கு முன்பே கூட்டம் நெரிகிற இடம். அந்தச் சந்தில் ஒருவர் கேமராவோடு நின்றால் இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். 12 பேர் நின்றால் அது தெருவாக இருக்காது, ஷூட்டிங் ஸ்பாட் ஆகிவிடும். செண்டுமல்லி மூட்டையைத் தலையில் சுமந்து வருகிறவர் நின்று சிரிப்பார், பின்னால் வருகிறவர் கத்துவார், கடைக்காரர் கையைக் காட்டிப் போகச் சொல்வார். தம்பியின் மார்க்கெட் படங்களில் பாதிக்கு மேல் ஆட்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எல்லாப் படங்களுக்கும் ஓரத்தில் யாரோ ஒருவரின் லென்ஸ் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது.

என் கைடு அங்கே முதல் காரியமாகச் செய்தது டீ வாங்கிக் கொடுத்ததுதான். ஒரு மாலைக்கடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, கடைக்காரரிடம் மராத்தியில் ஏதோ சொல்லிவிட்டு, டீ முடிகிற வரை கேமராவை எடுக்கவே விடவில்லை. அப்புறம் பார்த்தால் அங்கே யாருக்கும் நான் ஒரு பொருட்டே இல்லை. ஒரு அம்மா நீல பிளாஸ்டிக் தாளின் மேல் மஞ்சள் பூவைக் கொட்டி, ஈரம் போக இரண்டு கையாலும் அளைந்துகொண்டிருந்தார், மேலே தொங்கிய குண்டு பல்பின் வெளிச்சம் பூவில் பட்டு அவர் தாடைக்கு அடியில் மஞ்சளாக ஏறியது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். குரூப்பில் போயிருந்தால் பத்தாவது நிமிடத்தில் ‘அடுத்த ஸ்பாட்’ என்று கிளப்பியிருப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, 12 பேரின் பொறுமையில் குறைந்தவருடையது எதுவோ அதுதான் குரூப்பின் பொறுமை.

ஸ்கைலைனில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே நேரம் நம் கையில் இல்லை. சூரியன் மறைந்து, வானம் நீலமாகி, கட்டட விளக்குகளும் எரிந்து, இரண்டு வெளிச்சமும் சமமாக இருக்கிற அந்த நேரம் நம் நாட்டில் ஏறக்குறைய 20 நிமிடம்தான். பாந்த்ரா-வர்லி கடல் பாலத்தை (2009-இல் திறந்தது, 5.6 கிலோமீட்டர்) எடுக்க இரண்டு இடம் இருக்கின்றன. பாந்த்ரா கோட்டையில் நின்றால் பாலம் தெற்கே நீளும், சூரியன் வலப்பக்கம், வர்லி கோபுரங்களின் மேல் பக்கவாட்டில் பொன்னிறமாக விழும். பாந்த்ராவிலேயே கடலைத் தூர்த்த ரெக்லமேஷன் கரையில் நின்றால் சூரியன் பாலத்துக்குப் பின்னால் இறங்கும், கம்பிகள் எல்லாம் கறுப்புக் கோடு. ஒரே சாயங்காலத்தில் கோட்டையில் வெயிலை எடுத்துவிட்டு நீல நேரத்துக்குக் கரைக்கு ஓடவேண்டுமென்றால் ஒரு ஆட்டோ போதும். 12 பேருக்கு ஒரு வேன், எல்லோரும் ட்ரைபாடை மடித்து, ஒருவர் லென்ஸ் மூடியைத் தேடி, ஒருவர் டாய்லெட் போய்வந்து... வானம் கறுத்துவிடும். அதனால்தான் குரூப்காரர்கள் ஒரு சாயங்காலத்துக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

ட்ரைபாட் விஷயம் தனி. ஒன்றை விரித்தால் காவலர் வந்து கேட்பார், கைடு பேசி முடித்துவிடுவார். ஒரு டஜன் ட்ரைபாட் வரிசையாக நின்றால் யாருக்கும் அது கம்பெனி ஷூட்டிங்காகத்தான் தெரியும், அனுமதிக் கடிதம் எங்கே என்ற பேச்சு வரும். தம்பி போன டூரில் ஒரு நாள் இதிலேயே நீல நேரம் முழுக்கப் போயிருக்கிறது. (டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கல்யாண மண்டபத்தில் பறக்கவிடுகிற தைரியம் அங்கே செல்லாது.)

இன்னொன்று, திட்டத்தை மாற்றுவது. எங்கள் நகரியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அதனால் பழைய மில் பகுதியைப் பார்க்கவேண்டும் என்று கைடிடம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாள் போட்டிருந்த தோபி காட்டை (துணி வெளுக்கிற துறை) ஒதுக்கிவிட்டு லோயர் பரேலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதற்குப் பிறகு மில்கள் எழுந்திருக்கவே இல்லை, அந்த நிலத்தில் இப்போது மால்களும் கண்ணாடிக் கோபுரங்களும். நடுவே இங்கொன்று அங்கொன்றாகச் செங்கல் புகைக்கூண்டு மட்டும் மிச்சம். ஒரு கூண்டின் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தது. பக்கத்துக் கோபுரத்தின் கண்ணாடியில் அதே கூண்டு துண்டு துண்டாக நெளிந்து தெரிந்தது, கீழே கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள், யாரும் தலை நிமிரவில்லை. தெருவும் ஸ்கைலைனும் ஒரே படத்தில் வேண்டும் என்று போனவனுக்கு அது கிடைத்த இடம் எந்த டூர் பட்டியலிலும் கிடையாது. ஊருக்கு வந்து பெரிதாக பிரிண்ட் போட்டது அந்த ஒன்றைத்தான். நெசவுக்காரர்கள் ஸ்டுடியோவுக்கு வந்தால் அதன் முன்னால் நின்று இது எந்த ஊர் என்று கேட்காமல் போவதில்லை.

பணக் கணக்குக்கு வருவோம். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பார்த்தால் தனிக் கைடு விலை அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் முழுநாளும் வைத்துக்கொள்ள அவசியம் கிடையாது. விடியற்காலையில் இரண்டு மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் உச்சி வெயிலில் எப்படியும் படம் தேறாது, லாட்ஜில் படுத்துத் தூங்கலாம். இல்லாவிட்டால் பதினொன்று பதினொன்றரைக்கு சர்ச்கேட் ஸ்டேஷன் வாசலுக்கு நீங்களே போய் ஆபீஸ்களுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோகிற டப்பாவாலாக்களை எடுக்கலாம், அதற்கு யார் துணையும் வேண்டாம். ரேணிகுண்டாவில் ஏறி ஸ்லீப்பரில் போய், தாதர் பக்கம் சாதாரண லாட்ஜில் தங்கி, கைடுக்கும் கொடுத்தபிறகும், குரூப் டூருக்குக் கேட்ட தொகையைவிட எனக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆனது. நல்ல ஓட்டல்தான் வேண்டும் என்றால் இந்தக் கணக்கு திரும்பிவிடும்.

தாராவி பற்றிக் கேட்கிறார்கள். அங்கே சுற்றிக்காட்டும் சில அமைப்புகள் கேமராவே வேண்டாம் என்று சொல்லிவிடுகின்றன, அதில் நியாயமும் இருக்கிறது, ஆட்களின் வீட்டு வாசல் நமக்குக் காட்சிப்பொருள் இல்லை. நான் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து திருநெல்வேலித் தமிழ் கேட்டுவிட்டு வந்தேன். என் தமிழைக் கேட்டதும் “அண்ணாச்சி ஆந்திராவா?” என்றார் கடைக்காரர். நகரிக்காரனுக்கு இது பழகிப்போனதுதான்.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. மழைக்காலத்தில் நான் போனதில்லை. மரைன் டிரைவில் அலை எகிறி அடிக்கிற படங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர்தான் என்பார்கள், அப்போது தனியாகப் போவதைவிட குரூப்பும் வண்டியும் நல்லதாகவே இருக்கலாம். பெண்கள் தனியாகக் கைடு வைத்துப் போவது பற்றி நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. என் தங்கை கேட்டிருந்தால் ஒரு தோழியையும் சேர்த்துக்கொண்டு இரண்டு பேராகப் போ என்றிருப்பேன், இரண்டு பேர் வரைக்கும் நான் மேலே சொன்ன எதுவும் கெட்டுப்போகாது. மார்கழியில் புகைமூட்டம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூரத்துக் கோபுரங்கள் சில காலைகளில் சாம்பல் பூசியதுபோலத்தான் தெரிந்தன. ஆனால் நமக்குக் கடை மூடக் கிடைக்கிற மாதம் அதுதானே.

போனில் கைடிடமோ டூர்காரரிடமோ பேசும்போது அவர் எடுத்த படங்களைக் கேட்காதீர்கள், அவை நன்றாகத்தான் இருக்கும். அவரோடு போனவர்கள் எடுத்ததைக் கேளுங்கள். நான்கு பேரின் படங்களை வைத்துப் பார்த்து, எது யாருடையது என்று பிரிக்கவே முடியவில்லை என்றால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். சாயங்காலம் எந்த இடம் என்று கேட்டால் இடத்தின் பெயரோடு மணியையும் சொல்கிறாரா என்று கவனியுங்கள். ‘அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சார்’ என்கிறவருக்கு முன்பணம் அனுப்பவேண்டாம்.