பட்டன் தெரிகிறது, அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை: பிளேரைட்டுடன் மூன்று வருடம்

நேற்று நண்பர் ஒருவர் கேட்டார்: "சோர்ஸைத் திறந்தால் ரூட் என்று ஒரு காலி டிவ்தான் இருக்கு, விலை, பட்டியல் எதையும் காணோம், இந்தப் பக்கத்தை எப்படி டெஸ்ட் பண்றது?" ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே உள்ளடக்கம் உருவாகும் பக்கம் அது. மூன்று வருடமாக நான் இதற்கு, நிஜ பிரவுசரைத் தானாக இயக்கி டெஸ்ட் பண்ணும் கருவியான பிளேரைட்டைத்தான் வைத்திருக்கிறேன்.

மூன்று பிரவுசர் எஞ்சினிலும் ஓடும் என்பது தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது டிரேஸ் வியூவர். ராத்திரி விழுந்த டெஸ்ட்டைக் காலையில் திறந்தால், ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் டாம், அதாவது பிரவுசருக்குள் இருக்கும் பக்கத்தின் கட்டமைப்பு, எப்படி இருந்தது என்று காட்டும், வெறும் படமாக இல்லாமல் எலிமென்ட் எலிமென்ட்டாகத் தோண்டிப் பார்க்கலாம். அருமையான வேலை.

எரிச்சல் ஒன்றே ஒன்று, மூன்று வருடமாக அதேதான். கிளிக் செய்யும் முன் பிளேரைட், எலிமென்ட் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறெதுவும் மேலே மறைக்கிறதா, அழுத்த முடியாதபடி டிசேபிள் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடும். ஆனால் சர்வரிலேயே எச்டிஎம்எல் தயாராகி வந்து பிறகு ஹைட்ரேஷன் (ஸ்கிரிப்ட் வந்து அதை இயங்க வைப்பது) நடக்கும் பக்கத்தில், பட்டன் முதலில் வந்து நிற்கும், அதை இயக்க வேண்டிய ஸ்கிரிப்ட் இன்னும் வந்திருக்காது. எல்லா சோதனையும் பாஸ், கிளிக்கும் பாஸ், பக்கம் அப்படியே இருக்கும். அடுத்த வரியில், எதிர்பார்த்த மாற்றம் வந்ததா என்று பார்க்கும் எக்ஸ்பெக்ட் 5 விநாடி காத்திருந்து விழும். என் லேப்டாப்பில் எத்தனை தடவை ஓட்டினாலும் வராது, டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் மெதுவான சிஐ மெஷினில் மட்டும் வரும். நெட்வொர்க் 500 மில்லி விநாடி அமைதியாகும் வரை காத்திருக்கலாம் என்றால், ஓயாமல் சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தில் அந்த அமைதி வரவே வராது.

ஹைட்ரேஷன் முடியும் வரை பட்டனை டிசேபிள் செய்யுங்கள் என்று பிளேரைட் ஆவணத்திலேயே இருக்கிறது. நியாயம்தான், மெதுவான போனில் நிஜ ஆள் அழுத்தினாலும் அதே கிளிக் தொலையும். எங்கள் பக்கங்களில் அப்படிச் செய்த பிறகு சரியாகிவிட்டது. ஆனால் வெளியிலிருந்து வாங்கி ஒட்டிய பகுதியில் கை வைக்க முடியாது, அங்கே கிளிக்கையும் எக்ஸ்பெக்ட்டையும் சேர்த்து பிளேரைட்டின் டூபாஸில் போட்டு, பலிக்கும் வரை திரும்பத் திரும்ப முயல வைக்கிறேன். இதையே 'கூடையில் சேர்' பட்டனில் செய்தால் இரண்டு பொருள் விழுந்துவிடும், ஜாக்கிரதை.

இவ்வளவு புகழ்ந்தும், இந்த வாரம் பட்ட பாட்டுக்கு, பிளேரைட்டை எடு என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தைக் கட்டுகிறவர்கள், பட்டனை டிசேபிள் பண்ணுங்கள் என்றால் கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் எடுங்கள். இல்லையென்றால் முதலில் அவர்களிடம் பேசுங்கள், அப்புறம் நிறுவலாம்.