நீரிழிவு, இரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்கான களப்பணியாளர் பயிற்சி: ஆறு நாள் வகுப்பு எப்படி இருந்தது?

முப்பத்தொரு ஆண்டுகள் அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். சென்ற ஆடி மாதம் எங்கள் ஊருக்கருகே ஓர் அறக்கட்டளை, நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் உள்ளவர்களை வீட்டுக்கே சென்று கவனிக்கும் பெண் களப்பணியாளர்களுக்காக ஆறு நாள் பயிற்சி வகுப்பு நடத்தியது. என் அண்ணன் மகள் அதில் சேர்ந்தாள். தனியாகப் போகத் தயங்கியவளுக்குத் துணையாகப் போன நானும் 900 ரூபாய் கட்டணம் கட்டி மாணவியாகவே உட்கார்ந்துவிட்டேன். மதியச் சாப்பாடும் கையேடும் அந்தக் கட்டணத்தில் அடக்கம். வகுப்பில் சேரலாமா என்று மகளிர் குழுப் பெண்கள் பலர் என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இத்தகைய பயிற்சிக்கு இன்று எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை ஒரு கணக்கே காட்டிவிடும். 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. ஆனால் அவர்களில் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர்தான். நீரிழிவிலும் அதே கதை: 17.6 விழுக்காட்டினருக்கு நோய், அவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே கட்டுப்பாடு. மருந்து இல்லாத ஊர் இல்லை. மருந்தை விடாமல் சாப்பிட வைப்பதற்குத்தான் ஆள் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களை வீடுகளுக்கு அனுப்பியதும் இந்த இடைவெளியை மனத்தில் வைத்துத்தான். 2024இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. நான் எழுதப்போவது அந்தத் திட்டத்தைப் பற்றி அன்று, தனியார் அறக்கட்டளை ஒன்றின் வகுப்பைப் பற்றி. எனினும் வந்திருந்த இருபத்திரண்டு பெண்களில் பெரும்பாலோர் இது போன்ற வேலைக்குப் போகும் எண்ணத்தோடு வந்தவர்கள்.

முதல் இரண்டு நாள்கள் அளவெடுப்பதற்கே ஒதுக்கப்பட்டிருந்தன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயிற்றுநர், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். எல்லோரும் அவரை ‘நர்சம்மா’ என்றே அழைத்தார்கள். பி.பி. பார்க்கும்போது இரண்டு பெண்களை அருகருகே உட்காரவைத்துப் பேசிக்கொண்டே அளக்கச் சொன்னார்; ஒருத்திக்கு மேல் அளவு (பி.பி.யின் இரண்டு எண்களில் பெரியது) 148 வந்தது. பிறகு முதுகை நாற்காலியில் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, கையை நெஞ்சின் மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு அதே பெண்ணுக்கு அளந்தால் 130. “இப்ப எந்த நம்பரை நோட்டுல எழுதுவீங்க?” என்று அவர் கேட்டபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், கால்மேல் கால் போட்டிருந்தாலும், சட்டைக்கை மேல் பட்டையைச் சுற்றினாலும் அளவு ஏறும் என்பதை ஒவ்வொன்றாகச் செய்தே காட்டினார். வார்டில் அவசர அவசரமாக நாற்பது பேருக்கு அளந்து எழுதிய நாள்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்த எண்களில் எத்தனை சரியானவையோ தெரியவில்லை.

சர்க்கரை பார்க்கும் பாடத்தையும் அவர் இதே முறையில்தான் நடத்தினார். மதியச் சாப்பாட்டுக்கு நீலம் மாம்பழம் போட்டிருந்தார்கள். பழத்தை உரித்துச் சாப்பிட்டவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு விரலை நீட்ட, குளுக்கோமீட்டர் 290க்கு மேல் காட்டியது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி குத்தியபோது 138. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் வித்தியாசம். சோதனைப் பட்டைகள் இருக்கும் டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்தால் காற்றின் ஈரத்தில் அவை கெட்டுப்போகும் என்பதையும், ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குத் தொடவே கூடாது என்பதையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரே குறை: பி.பி. கருவிக்கு ஒரே அளவுப் பட்டைதான் இருந்தது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பெரிய பட்டையைக் கண்ணிலேயே காட்டாமல் விட்டது பொருத்தமாக இல்லை.

இந்த வகுப்பின் உயிர் நான்காம் நாள் பிற்பகலில்தான் இருந்தது. நர்சம்மா தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அறுபது வயதுப் பெரியவராக உட்கார்ந்தார். ஒவ்வொரு பெண்ணும் அவர் வீட்டுக்குப் போகும் களப்பணியாளராக நடிக்க வேண்டும். “சுகர் மாத்திரை தின்னா கிட்னி போயிரும்னு எங்க சம்பந்தி சொன்னாரு. நிப்பாட்டிட்டேன். உடம்பு நல்லாத்தான் இருக்கு” என்றார் ‘பெரியவர்’. முதலில் போன பெண், “யாரைக் கேட்டு நிப்பாட்டுனீங்க தாத்தா?” என்று ஆரம்பித்தாள். “வயலுக்கு நேரமாச்சு, அப்புறமா வாம்மா” என்று சொல்லிவிட்டு நர்சம்மா எழுந்து வாசலுக்கே போய்விட்டார். சிரிப்பு அடங்கியபின் என் அண்ணன் மகளின் முறை வந்தது. அவள், “சம்பந்தி வேற என்ன தாத்தா சொன்னாரு? மாத்திரை போட்டப்ப உங்களுக்கு என்ன பண்ணுச்சு?” என்று கேட்டாள். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது: பெரியவர் விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே தண்ணீர் பாய்ச்சப் போவார், வரப்பில் நிற்கும்போது கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும், அந்தப் பயத்தில்தான் மாத்திரையை விட்டிருக்கிறார். சம்பந்தியின் பேச்சு அவருக்குக் கிடைத்த ஒரு சாக்கு, அவ்வளவே.

அதிலிருந்தே அடுத்த பாடம் பிறந்தது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் வேலை இல்லை என்றும், நடந்ததைச் சீட்டில் எழுதி அவரை மருத்துவரிடம் அனுப்பிவைப்பதோடு நம் வேலை நிற்கிறது என்றும் நர்சம்மா கண்டிப்பாகச் சொன்னார். “ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் யாரும் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள் என்பதால், “போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்கவும், மாத்திரை அட்டைகளை வாங்கி மீதியை எண்ணிப் பார்க்கவும் பழக்கினார். வெளிப்படையாகச் சொல்கிறேன்: பணிக்காலம் முழுவதும் நான் அந்த முதல் பெண்ணைப் போலத்தான் கேட்டுவந்தேன். என் நோயாளிகளுக்கு எழுந்து போக வயல் இல்லை, கட்டில்தான் இருந்தது.

இத்தனை சிறப்பான பாடத்துக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருந்தார்கள் என்பதே இந்த வகுப்பின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை. இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்குத்தான் நடிக்க முறை வந்தது. ஆனால் ஐந்தாம் நாள் காலை முழுவதையும் நோய் உடலில் எப்படி வளர்கிறது என்று ஆங்கிலப் படங்களோடு ஓர் இளம் மருத்துவர் எடுத்த பாடம் விழுங்கிவிட்டது. நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார். ஆனால் கணையத்தின் உயிரணுக்களைப் பற்றி அங்கிருந்தவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அந்த நேரத்தில் பாதம் பார்க்கும் பயிற்சியை விரித்திருக்கலாம். பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்ய எல்லோருக்குமாக இரண்டே இழைகள்தான் இருந்தன. வெறுங்காலோடு கோயிலுக்கும் களத்துமேட்டுக்கும் போகிறவர்கள் நிறைந்த ஊர்களில் கால்விரல் இடுக்கைப் பார்க்கத் தெரிந்த ஒரு பெண் ஒரு காலையே காப்பாற்றிவிட முடியும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்து பி.பி.யையும் ஏற்றும் என்பதும் ஒற்றை வரியில் முடிந்துவிட்டது; நோயோடு பல ஆண்டுகள் வாழ்கிறவர்களின் மனச்சோர்வைப் பற்றியோ அந்த ஒற்றை வரிகூட இல்லை.

கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளும் அச்சும் தரம். மொழிதான் அலுவலகச் சுற்றறிக்கையைப் போல இருக்கிறது. ஊரில் ‘கொதிப்பு’ என்பதும் ‘பிரஷர்’ என்பதும்தான் வழக்கு. ‘மிகை இரத்த அழுத்தப் பயனாளி’ என்று யாரும் யாரையும் சொல்வதில்லை. நர்சம்மா கரும்பலகையில் எழுதிப்போட்டதை அப்படியே அச்சிட்டிருந்தால் இதைவிடப் பயனுள்ள கையேடு கிடைத்திருக்கும்.

இன்னொரு குறை, ஆறாம் நாளோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ராஜ் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதியர் 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது, அந்தப் பெண்கள் தொடர்ந்து அங்கு வந்து, ஊரில் சந்தித்த சிக்கல்களைப் பேசி, மேலும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த முறையில் தேர்ந்த பணியாளர்கள் ஆனார்கள். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் கிராமங்களில் நடந்து 2020இல் முடிவுகள் வெளியான ஆய்விலும், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று பி.பி. பார்த்து அறிவுரை சொன்ன கிராமங்களில், மற்ற கிராமங்களைவிட பி.பி.யின் மேல் அளவு சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. இந்த அறக்கட்டளை சான்றிதழைக் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பிவிடுகிறது.

ஆகவே, சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நர்சம்மா நடத்தும் வகுப்பு என்றால் தயங்காமல் சேருங்கள். அவர் இல்லாத வகுப்பு என்றால் நான்காம் நாளை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். வீட்டில் நீரிழிவு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களும், வேலைக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும், வரலாம். எங்களுடன் அப்படி இருவர் வந்திருந்தார்கள். கிளம்பும்போது பொறுப்பாளரிடம், மூன்று மாதம் கழித்து ஒரு நாள் எல்லோரையும் திரும்பக் கூட்டுங்கள், சாப்பாட்டுச் செலவை நானே ஏற்கிறேன் என்று சொன்னேன். டைரியில் குறித்துக்கொண்டார். ஐப்பசியும் பிறந்துவிட்டது, அழைப்பு இன்னும் வரவில்லை. என் அண்ணன் மகள் மட்டும் வாரத்துக்கு இருமுறை தன் நோட்டோடு என் வீட்டுக்கு வந்து, “அத்தை, இந்தத் தாத்தாகிட்ட என்ன கேட்கணும்?” என்று ஆரம்பிக்கிறாள்.