வளையமா, விரல்களா?

பரந்துகொண்டே போகும் நகரத்தை எங்கே நிறுத்துவது? லண்டன் சுற்றிலும், புதுக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு பசுமை வளையம் போட்டது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன், விரித்த கைவிரல்களைப் போல வளரத் திட்டமிட்டது.

லண்டனின் பசுமை வளையத்துக்கு 1938இலேயே சட்டம் வந்துவிட்டது. இன்று அது சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். வயல்களை நகரம் விழுங்காமல் தடுத்ததில் அதற்கு வெற்றிதான். ஆனால் வேலை தேடி வருகிறவர்களை எந்த வளையமும் தடுக்காது. வீட்டுக்கு இடம் கிடைக்காதவர்கள் வளையத்துக்கு அப்பால் குடியேறி, தினமும் அதைக் கடந்து நகருக்கு வருகிறார்கள். காப்பாற்றப்பட்ட பசுமையில் கோல்ஃப் மைதானங்களும் சேர்த்தி என்பது தனி வேடிக்கை!

கோபன்ஹேகனின் விரல் திட்டம் 1947ஆம் ஆண்டினது. உள்ளங்கை பழைய நகரம். ஐந்து விரல்கள் புறநகர் ரயில் பாதைகள். வீடுகள் விரல்களின் மீது, விரலிடுக்குகளில் காடும் வயலும். பிறகு வந்த விதி இன்னும் கறாரானது: 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகம் என்றால் ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எட்டு நிமிட நடை; காருக்கு வேலையில்லை.

குறையும் உண்டு. ஒரு விரல் நுனியிலிருந்து அடுத்ததற்குப் போக, ரயிலில் பெரும்பாலும் உள்ளங்கைவரை வந்து திரும்ப வேண்டும். அங்கே கார் ஜெயித்துவிடுகிறது.

என் ஓட்டு விரல்களுக்கே. ஆனால் தண்டவாளம் முதலில் வர வேண்டும், வீடு பிறகு. வரிசை மாறினால் விரலிடுக்குகளில்தான் மனைகள் முளைக்கும்.