பேட்டரி மாற்றும் முன் ஒரு யுஎஸ்பி மீட்டர் வாங்குங்கள்

போனில் சார்ஜ் 80 சதவீதத்திலோ 93-லோ நின்றுவிட்டது, என்ன செய்தாலும் நூறு வரமாட்டேன் என்கிறது என்று கடைக்கு எடுத்துப் போனால், பாதி கடைகளில் போனைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்பாவின் போனுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மீட்டரைப் போட்டுப் பார்த்தால் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இந்தச் சின்னக் கருவியைப் பற்றி எழுதுகிறேன்.

பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். ஒரு முனையில் டைப்-சி பின், மறுமுனையில் கேபிள் செருகும் வாய், நடுவில் சின்னத் திரை. வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். இதுவரை எவ்வளவு மின்சாரம் போனது என்று வாட்-அவரிலும் கணக்குக் காட்டும். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, புது பேட்டரியும் மாற்றுக் கூலியும் சேர்த்துப் பார்த்தால் இது மிகச் சின்னச் செலவு.

அப்பாவின் போனில் நடந்ததைச் சொல்கிறேன். 79 வரை 9 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியரை ஒட்டி நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது, 80 ஆனதும் ஆம்பியர் அப்படியே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. போன் சூடாகவும் இல்லை. பழைய பேட்டரி இவ்வளவு துல்லியமாக ஒரே எண்ணில் நிற்காது, போனே முடிவு செய்து நிறுத்துகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. செட்டிங்ஸில் பேட்டரி பாதுகாப்பு என்று ஒன்று ஆன் ஆகியிருந்தது, அதை அணைத்ததும் நூறு வந்தது. இன்றைக்குப் பெரும்பாலான போன்களில் இது இருக்கிறது: ஐபோன் 15 முதல் 80 சதவீத வரம்பு வைக்கலாம், சாம்சங்கில் 2024-ல் வந்த ஒன் யுஐ 6.1 மென்பொருளில் 'மேக்ஸிமம்' என்று வைத்தால் 80-ல் நிற்கும், பிக்சலிலும் உண்டு. இது கோளாறே இல்லை, நல்ல வசதி. லித்தியம் பேட்டரியை எப்போதும் நூறிலேயே வைத்திருந்தால் சீக்கிரம் மூப்படையும். நாள் முழுக்கச் சார்ஜர் பக்கத்திலேயே இருப்பவர்கள் 80-ஐ அப்படியே விட்டுவிடலாம், அப்பா மாதிரி வெளியில் சுற்றுகிறவர்களுக்கு நூறு தேவை.

சூட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் கவரோடு போட்டுச் சார்ஜ் செய்தால், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தைக் குறைக்கும், சில போன்கள் ஆறும்வரை ஏற்றவே மாட்டா. கவரைக் கழற்றி ஃபேன் காற்றில் வைத்தால் ஆம்பியர் மெல்ல ஏறுவதை மீட்டரிலேயே பார்க்கலாம்.

மீட்டர் அடிக்கடி காட்டிக்கொடுப்பது கேபிளைத்தான். முதலில் மீட்டரைச் சார்ஜர் பக்கம் செருகி வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அதையே போன் பக்கம் செருகிப் பாருங்கள். சார்ஜர் பக்கம் 5.1 என்றும் போன் பக்கம் 4.5 என்றும் காட்டினால் நடுவில் கேபிள் 0.6 வோல்ட்டைத் தின்கிறது. 2 ஆம்பியர் ஓடும்போது கேபிளில் 0.3 ஓம் தடை இருந்தாலே இந்த இழப்பு வந்துவிடும், மெல்லிய மலிவு கேபிளில் இது சாதாரணம். வோல்ட் இப்படி இறங்கினால் போன் இழுக்கும் மின்சாரத்தையும் குறைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து ஹாட்ஸ்பாட்டும் வீடியோவும் ஓடினால் ஏறுவதும் செலவாவதும் சரிக்குச் சரியாகி, சதவீதம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கேபிளை லேசாக அசைத்தாலே எண் பூஜ்யத்துக்கும் ஒன்றரைக்கும் நடுவில் குதிக்கிறதா? போனின் சார்ஜிங் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு உள்ளே அழுந்தித் தகடு மாதிரி படிந்திருக்கும், பின் முழுசாக உள்ளே போகாது. போனை ஆஃப் செய்துவிட்டு மெல்லிய மரப் பல்குத்தியால் மெதுவாக எடுங்கள். ஊக்கு, குண்டூசி வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் சின்ன உலோக முனைகள் வளைந்தால் சார்ஜிங் போர்டையே மாற்ற வேண்டி வரும்.

கடைசிப் பத்து சதவீதம் மெதுவாக ஏறுவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பேட்டரி தன் உச்ச வோல்ட்டைத் தொட்டபின் (இப்போதைய போன்களில் 4.4-ஐ ஒட்டி இருக்கும்) மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிரப்ப வேண்டும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மீட்டரில் ஆம்பியர் இறங்கிக்கொண்டே வந்தால் நிம்மதியாக விட்டுவிடுங்கள். 97-ல் ஆம்பியர் முழுசாக நின்று, மேலே ஏறவே இல்லை என்றால் சதவீதக் கணக்கு பிசகியிருக்கலாம்: தானாக அணையும்வரை ஒருமுறை பயன்படுத்திவிட்டு, இடையில் கழற்றாமல் நூறு வரை ஏற்றிப் பாருங்கள். இதை அடிக்கடி செய்யக் கூடாது, முழுசாகக் காலி செய்வது பேட்டரிக்கு நல்லதல்ல. ஆனால் திரை அணைந்திருக்கும்போதும் மணிக்கணக்காக ஒரு ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கிறது, சதவீதம் நகரவில்லை, போன் சுடுகிறது என்றால் அது உள்கோளாறு. கடைக்குத்தான் போக வேண்டும்.

பேட்டரி நிஜமாகவே தேய்ந்துவிட்டதா என்பதற்கு வாட்-அவர் கணக்கைப் பாருங்கள். 5000 எம்ஏஎச் (அதாவது 5 ஆம்பியர்-அவர்) பேட்டரி என்றால், அதன் சராசரி வோல்ட்டான 3.85-ஆல் பெருக்கினால் சுமார் 19 வாட்-அவர், வழியில் சூடாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் மீட்டர் இன்னும் சற்று அதிகமாகவே காட்ட வேண்டும். போனை அணைத்துவிட்டுக் காலியிலிருந்து ஏற்றியும் 13, 14-லேயே நிரம்பிவிட்டது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது, தயங்காமல் மாற்றுங்கள். திரையில் தெரியும் எம்ஏஎச் எண்ணைப் பேட்டரி எண்ணோடு நேராக ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு வோல்ட்டில் அளந்தவை.

குறைகளும் உண்டு. அதிவேகச் சார்ஜுக்குத் தனி முறை வைத்திருக்கும் போன்களில், மீட்டர் நடுவில் இருந்தால் வேகச் சார்ஜ் தொடங்காமல் போகலாம், அதை வைத்துச் சார்ஜரைக் குறை சொல்லக் கூடாது. வெயிலில் திரை சரியாகத் தெரிவதில்லை. போன் வாயில் நெம்புகோல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் நிரந்தரமாக மாட்டி வைக்காதீர்கள், அளந்ததும் கழற்றிவிடுங்கள்.

வாங்கும்போது இரண்டு பக்கமும் டைப்-சி இருக்கிறதா, 20 வோல்ட் வரை தாங்குமா, வாட்-அவர் காட்டுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய யுஎஸ்பி-ஏ வகை இன்னும் மலிவு, ஆனால் அதை இப்போதைய டைப்-சி சார்ஜரில் செருகவே முடியாது. போனின் பின்மூடி உப்பியிருந்தாலோ திரை ஓரத்தில் தூக்கியிருந்தாலோ மீட்டரெல்லாம் வேண்டாம், சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றக் கொடுத்துவிடுங்கள்.