லுவார் அரண்மனைகளா, பர்கண்டி கோயில்களா?

ஐஃபில் கோபுரம், லூவர், வெர்சாய் எல்லாம் முடிந்த பிறகு பாரிஸுக்கு வந்தவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "கிராமப் பக்கம் எங்கே போகலாம்?" என்பதுதான். பழைய கட்டடங்களில் ஆசை உள்ளவர் என்றால், சொல்லிவைத்ததுபோல எல்லாரும் லுவார் பள்ளத்தாக்கைக் கைகாட்டுவார்கள். அது தப்பான பதில் இல்லை. ஆனால் பாரிஸிலிருந்து தென்கிழக்கே அதே மாதிரி தூரத்தில் பர்கண்டி இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் குறைவு. கையில் மூன்று நாள், ஓட்டுவதற்கு ஒரு கார், இரண்டும் உள்ளவர்களை நான் பர்கண்டிக்குத்தான் அனுப்புவேன். அதற்கு முன் லுவாரின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

லுவாரில் கோட்டை பார்க்கப் போகிறோம் என்று கிளம்பினாலும், அங்கே பார்ப்பது பெரும்பாலும் அரண்மனைகளைத்தான். இத்தாலியில் போர் செய்யப் போன பிரெஞ்சு அரசர்கள் அங்கே கண்ட கட்டடக் கலையில் சொக்கிப்போய்த் திரும்பி, அதே பாணியில் கட்டிக்கொண்டவை அவை. எல்லாரும் முதலில் போவது ஷாம்போருக்கு. முதலாம் பிரான்சுவா 1519இல் தொடங்கிய கட்டடம். 440 அறைகள், 282 கணப்பு அடுப்புகள். நடுவில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏறும் இரட்டைப் படிக்கட்டு. ஒருவர் ஒன்றிலும் இன்னொருவர் மற்றதிலும் ஏறினால், இடையில் உள்ள திறப்புகள் வழியே பார்த்துக்கொள்ளலாம், சந்திக்க முடியாது. இது லியொனார்தோ டாவின்சியின் யோசனை என்பார்கள். நேரடி ஆதாரம் எதுவும் இல்லை. அதே ஆண்டு மே 2ஆம் தேதி பக்கத்து அம்புவாஸில் அவர் இறந்துவிட்டார். கட்டுவித்த அரசரோ 32 ஆண்டு ஆட்சியில் இங்கே தங்கியது மொத்தம் எழுபது நாள் சொச்சம்தான். அந்தக் காலத்தில் அரசவை ஊர் ஊராகப் போகும்போது கட்டில், திரைச்சீலை எல்லாமே மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போகும், வரும். அதனால்தானோ என்னவோ, பல அறைகளில் இன்றைக்கும் யாரும் வாழ்ந்த வாடையே இல்லை. ஷாம்போரில் நேரம் செலவிட வேண்டியது மொட்டைமாடியில். புகைபோக்கிகளும் கோபுரங்களும் தெருத்தெருவாக நிற்கும் ஒரு சின்ன ஊரே அங்கே இருக்கிறது.

லுவாரில் ஒன்றே ஒன்று என்றால் நான் ஷெனோன்சோவைச் சொல்வேன். ஷேர் ஆற்றின் மேல் பாலம் கட்டி, பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடம் எழுப்பியிருக்கிறார்கள். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம், இரண்டு பக்கமும் சன்னல், சன்னலுக்குக் கீழே ஆறு. முதல் உலகப் போரில் இந்தக் கூடத்தில் கட்டில்களை வரிசையாகப் போட்டு மருத்துவமனை நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போரிலோ ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் நடுவில் இந்த ஆறே எல்லையாகிவிட்டது. முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பக்கம், கூடத்தின் கடைசிக் கதவு மற்றப் பக்கம். அந்தக் கதவு வழியாகப் பலர் தப்பியிருக்கிறார்கள். மாடியில் லூயிஸ் அரசியின் படுக்கையறையைத் தவறவிடாதீர்கள். கணவர் மூன்றாம் ஹென்றி கொல்லப்பட்ட பிறகு அவர் துக்கம் காத்த அறை அது. சுவரும் கூரையும் கறுப்பு, அதன் மேல் வெள்ளியில் கண்ணீர்த் துளிகள். பூக்களுக்கென்றே தனிப் பணியாளர்களை வைத்து, அறைக்கு அறை புதுப் பூ அலங்கரிக்கிறார்கள். தனியார் சொத்து என்பதால் பராமரிப்பில் அந்த அக்கறை தெரிகிறது.

சரி, லுவாரில் குறை என்ன? ஒன்று, கூட்டம். ஜூலை, ஆகஸ்டில் ஷெனோன்சோவில் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு, செலவு. பெரிய அரண்மனைகளில் பெரியவர் ஒருவருக்கு 15 யூரோவுக்குக் குறையாது. ஒரு நாளில் இரண்டு பார்த்தால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது குறைதான் என் கணக்கில் பெரியது. மூன்றாவது அரண்மனைக்குள் நுழையும்போதே, இந்தத் திரை போட்ட கட்டிலை முதல் அரண்மனையில் பார்த்தோமா, நேற்றுப் பார்த்தோமா என்று குழம்பிவிடும். புளுவா, அம்புவாஸ், அசே, ஷெவெர்னி எல்லாம் தனித்தனியே அருமையானவை. அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடுகிறது.

பர்கண்டியில் அந்தக் குழப்பம் வராது. இங்கே முக்கியமானவை 12ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கோயில்கள், அதாவது லுவார் அரண்மனைகளுக்கு நானூறு ஆண்டு மூத்தவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. முதலில் வெஸ்லே. குன்றின் மேல் ஊர், ஊரின் உச்சியில் மகதலேனா மரியாள் பேராலயம். 1146 உயிர்த்த ஞாயிறு அன்று துறவி புனித பெர்னார்து இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பேசியது இந்தக் குன்றில்தான். கோயிலின் வெளிவாசலைத் தாண்டி முன்மண்டபத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள். உள்வாசலின் மேலுள்ள அரைவட்டக் கல்லில், நற்செய்தி போய்ச்சேர வேண்டிய உலகத்து மக்களை எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். உலகின் ஓரத்தில் வாழ்பவர்கள் என்று அவர்கள் நினைத்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும். உடம்பையே மூடும் அளவுக்குப் பெரிய காது உள்ளவர்கள், ஏணி வைத்துக் குதிரையில் ஏறும் குள்ளர்கள், நாய்த்தலை மனிதர்கள். இந்த நாய்த்தலைக்காரர்கள் இந்தியாவில் இருப்பதாகக் கிரேக்கர் காலத்திலிருந்தே ஐரோப்பாவில் கதை உண்டு. நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்!

உள்ளே நடுக்கூடத்தின் வளைவுகளில் வெளிர்நிறக் கல்லும் பழுப்புக் கல்லும் மாறி மாறி வருகின்றன. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில், சூரியன் உச்சிக்கு வரும்போது, தெற்குச் சன்னல்களின் வெளிச்சம் கூடத்தின் நட்டநடுவில் வட்ட வட்டமாக ஒரே வரிசையில் விழும். கோடை நேரக் கணக்கில் அது கடிகாரத்தில் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் நடக்கும். பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. இத்தனைக்கும் கட்டணம் கிடையாது.

ஆனால் என் ஓட்டு ஓத்தன் ஊருக்கு. சேன் லாசார் கோயிலின் பெரிய வாசலுக்கு மேலே, 1130 வாக்கில் செதுக்கிய இறுதித் தீர்ப்பு இருக்கிறது. நடுவில் கிறிஸ்து. வலப்பக்கம் தராசில் ஆன்மாக்களை நிறுக்கிறார்கள், பிசாசு தன் தட்டைக் கையால் அழுத்தப் பார்க்கிறது. கீழ் வரிசையில் கல்லறை விட்டு எழுந்தவர்கள். அதில் இடப்பக்கம் இரண்டு யாத்திரிகர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒருவன் பையில் சிலுவை, மற்றவன் பையில் சிப்பி. ஜெருசலேம் போய்வந்ததற்கும் ஸ்பெயினின் சாந்தியாகோ போய்வந்ததற்கும் அடையாளம். தீர்ப்பு நாளிலும் அத்தாட்சியைக் கைவிடவில்லை. வலப்பக்கம் நகர்ந்தால், எங்கிருந்தோ நீண்டு வந்த இரண்டு பெரிய கைகள் ஒருவன் தலையைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. கைகளுக்கு உடம்பு இல்லை. கிறிஸ்துவின் காலடியில் "கிஸ்லெபெர்துஸ் இதைச் செய்தான்" என்று லத்தீனில் எழுத்து. சிற்பியின் பெயர் என்றுதான் பெரும்பாலோர் கொள்கிறார்கள், கட்டுவித்தவர் பெயராக இருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு.

இது பிழைத்த கதை இன்னும் விசேஷம். 1766இல் கோயில் குருக்களுக்கு இந்தச் சிற்பம் நாகரிகமில்லாததாகப் பட்டது. மேலே சாந்து பூசி மறைத்துவிட்டார்கள். கிறிஸ்துவின் தலை மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்ததால் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. நாடு முழுக்கக் கோயில் சிற்பங்களை உடைத்தபோது இது சாந்துக்குள் பத்திரமாக இருந்தது. 1837இல் சாந்தைச் சுரண்டி எடுத்தார்கள், 1948இல் தலையையும் கண்டுபிடித்து ஒட்டவைத்தார்கள். ரசனை கெட்ட வேலை என்று இன்று நாம் திட்டும் அந்தச் சாந்துதான் காப்பாற்றியிருக்கிறது.

உள்ளே மாடியறையில், தூண்களின் உச்சியிலிருந்து இறக்கிய சிற்பத் தலைப்புகளைக் கண்மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்கப் போன மூன்று ராஜாக்கள் கனவு காணும் கல்லை விட்டு எனக்கு நகர மனம் வராது. மூன்று பேரும் கிரீடத்தைக் கழற்றாமல் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கிறார்கள். தேவதூதன் ஒருவருடைய கையை ஒற்றை விரலால் தொடுகிறான். அந்த ஒருவருக்கு மட்டும் கண் திறந்திருக்கிறது. போர்வையின் மடிப்பு வட்ட வட்டமாக விரிகிறது. எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய கல், அவ்வளவு பக்கத்தில். ஷாம்போரின் 440 அறைகளிலும் இதற்கு ஈடாக ஒன்றை நான் பார்க்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளூனி, 910இல் தொடங்கிய மடம். அதன் மூன்றாவது கோயில் 187 மீட்டர் நீளம். ரோமில் இப்போதுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. புரட்சிக்குப் பிறகு ஏலம் போய், கல்லுக்காக உடைத்து விற்றுவிட்டார்கள். இன்று நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கற்பனை வளம் இருந்தால் போங்கள். ஃபோந்தனே அதற்கு நேர் எதிர், ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. 1118இல் பெர்னார்து நிறுவிய மடம். சிற்பம், ஓவியம் எதுவும் வேண்டாம் என்றவர் அவர், அதனால் வெறும் கல்லும் வெளிச்சமும்தான். புரட்சிக்குப் பின் நூறாண்டுக் காலம் காகித ஆலையாக ஓடியதால் இடிபடாமல் தப்பியது. இது தனியார் வசம் இருப்பதால் கட்டணம் உண்டு.

"கோட்டையே இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்டால், கெதலோன். 1997 முதல் காட்டுக்குள் ஒரு கோட்டையை 13ஆம் நூற்றாண்டு முறையிலேயே புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயே வெட்டிய கல், சுண்ணாம்புச் சாந்து, குதிரை வண்டி. ஆள் உள்ளே நின்று மிதித்துச் சுழற்றும் மரச்சக்கரம்தான் பாரம் தூக்குகிறது. வெஸ்லேயிலிருந்து ஒரு மணி நேரம், குளிர்காலத்தில் மூடியிருக்கும். இதைப் பார்த்த பிறகு மற்றக் கோட்டைகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும், பெரியவர்களுக்கும்.

நிஜக் கோட்டை, போர் பார்த்த கோட்டைதான் வேண்டும் என்பவர்களுக்கு லுவாரும் சரிப்படாது, பர்கண்டியும் சரிப்படாது. அவர்கள் தென்மேற்கே தோர்தோஞ் போக வேண்டும். ஆற்றின் இந்தக் கரைப் பாறையில் பெய்நாக், அந்தக் கரைப் பாறையில் காஸ்தல்நோ. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுப் பக்கம், இன்னொன்று ஆங்கிலேயர் பக்கம். காஸ்தல்நோவில் கல்லெறியும் பெரிய பொறிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நடனக் கலைஞர் ஜோசபின் பேக்கர் வாழ்ந்த மிலாந்த் அரண்மனை. அழகில் மூன்று இடங்களில் தோர்தோஞ்தான் முதல். ஆனால் பாரிஸிலிருந்து போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும், ஒரு வாரம் லீவு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கோயில்களுக்கு ஏன் கட்டணம் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரித்தபோது, அன்றிருந்த பங்குக் கோயில்கள் ஊராட்சிகளின் சொத்து என்றும், ஆயர்களின் தலைமைக் கோயில்களான கதீட்ரல்கள் அரசின் சொத்து என்றும் ஆயின. கூரை ஒழுகினால் பார்க்க வேண்டியது மேயர். சின்னக் கிராமங்களில் கோயில் பூட்டியிருந்தால் கதவில் ஒரு சீட்டு இருக்கிறதா பாருங்கள். சாவி மெரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும், அல்லது எதிர்வீட்டில். மெரியும் வாரத்தில் சில அரைநாள்தான் திறந்திருக்கும், பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை எதுவும் நடக்காது. சாப்பாட்டுக் கடைகளோ அந்த நேரத்தில் மட்டும்தான் சாப்பாடு போடும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது உத்தமம். சில்லறையும் வேண்டும். பல கோயில்களில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், சிற்பத்தில் கண் பதியும் நேரம் பார்த்து அணைந்துவிடும். தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் தூண் தலைப்புகளை நன்றாகப் பார்க்கலாம், விலை மலிவானதே போதும்.

பர்கண்டியின் பெரிய குறை, கார் இல்லாமல் முடியாது. வெஸ்லேக்குக் கிட்டத்து ரயில் நிலையம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வண்டிகளும் சொற்பம். ஃபோந்தனே மட்டும் பரவாயில்லை, மோன்பார் வரை அதிவேக ரயில், அங்கிருந்து டாக்சி. காரில் போகிறவர்கள் முதல் நாள் கெதலோன் பார்த்துவிட்டு வெஸ்லேயில் தங்கலாம். பகல் கூட்டம் போன பிறகு மாலையில் பேராலயத்தில் துறவிகள் பாடும் செபம் நடக்கும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மறுநாள் மொர்வான் காடுகள் வழியே ஓத்தன், கடைசி நாள் ஃபோந்தனே. குளூனியை விட்டுவிடலாம்.

கார் இல்லை, அல்லது ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் யோசிக்கவே வேண்டாம், லுவார்தான். தூர் நகரத்திலிருந்து ரயில் ஏறினால் ஷெனோன்சோவின் வாசல் பக்கத்திலேயே இறங்கலாம். அன்று அது ஒன்று போதும். அம்புவாஸ், ஷாம்போர் என்று சேர்த்துக் கட்டி இழுக்காதீர்கள். காலையில் திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள், பேருந்துகளில் வரும் கும்பல் பத்தரைக்கு மேல்தான் வந்து சேரும்.